ஃப்ளோரன்ஸ்ல அம்மாவோட நடந்த மூணு மணி நேரம்

போன செப்டம்பர் கடைசில அம்மாவ கூட்டிக்கிட்டு ஃப்ளோரன்ஸ் போயிட்டு வந்தேன். நான் வேலை பாக்குறது ம்யூனிக்ல, அம்மா சின்னமனூர்ல இருந்து மூணு மாசம் என்கூட இருக்க வந்திருந்தாங்க, 31 வருஷம் பால்வாடி டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, வயசு 64, ரெண்டு முட்டியிலயும் வலி. ஃப்ளோரன்ஸ்ங்கறது நடந்து மட்டுமே பாக்க முடியற ஊரு. அங்க முட்டி வலி இருக்குறவங்கள கூட்டிட்டுப் போகணும்னா என்னென்ன யோசிக்கணும், நாங்க எதுல சிரமப்பட்டோம், எது நல்லா அமைஞ்சதுன்னு எழுதி வச்சா யாருக்காச்சும் உதவுமேன்னுதான் இத எழுதுறேன்.

பொலோன்யால ட்ரெயின் மாறி ஞாயித்துக்கிழமை ராத்திரி போய் இறங்கினோம். மறுநாள் காலைலயே கைடோட நடக்குற வாக்கிங் டூர் புக் பண்ணி வச்சிருந்தேன். திங்கக்கிழமைல போட்டதுக்கு காரணம் இருக்கு, உஃபீஸி மியூசியமும் மைக்கலாஞ்சலோ செதுக்கின டேவிட் சிலை இருக்குற அகாதெமியா மியூசியமும் திங்கக்கிழமை லீவு. இது தெரியாம திங்கக்கிழமை வாசல்ல வந்து நின்னு திரும்பிப் போறவங்கள அன்னிக்கே பாத்தோம். திங்கக்கிழமைய வெளிய நடக்க வச்சுக்கிட்டா அந்த நாள் வீணாகாது, அதோட ஊரை முதல்ல கால்ல பாத்துட்டோம்னா அப்புறம் மியூசியத்துக்குள்ள இருக்குற பொருள் ஒவ்வொண்ணும் எந்தத் தெருவுல எந்த சுவத்துல இருந்து உள்ள போச்சுன்னு புரியும், இல்லன்னா வெறும் சிலை, வெறும் படம்.

காலைல முதல் சிரமம் அட்ரஸ்ல ஆரம்பிச்சது. டூர் ஆரம்பிக்கிற இடம்னு மெயில்ல தெரு பேரும் 27னு ஒரு நம்பரும் பக்கத்துல ஆர்னு ஒரு எழுத்தும் போட்டிருந்தாங்க. நாங்க 27ஆம் நம்பர் வீட்டத் தேடிப் போயி நின்னா பெரிய மரக்கதவு, பூட்டியிருக்கு, ஆள் இல்ல. மணி 8:50, டூர் 9க்கு. அப்புறம் எதிர் கடைல காப்பி போட்டுட்டிருந்த பையன்கிட்ட கேட்டப்பதான் விஷயம் தெரிஞ்சது, இந்த ஊர்ல ஒரே தெருவுல ரெண்டு வரிசை நம்பர் ஓடுது, வீடுங்களுக்கு கருப்பு இல்ல நீலம், கடை ஆபீஸுக்கெல்லாம் சிவப்பு. அந்த ஆர்ங்கறது ரோஸ்ஸோ, சிவப்புன்னு அர்த்தம். சிவப்பு 27 அங்கிருந்து இருநூறு அடி தள்ளி இருந்துச்சு. கருப்பு 27ம் சிவப்பு 27ம் பக்கத்துல பக்கத்துல இருக்கும்னு நினைக்கவே கூடாது. ஹோட்டலுக்கும் இதே கதைதான், டாக்ஸிக்காரர்கிட்ட அட்ரஸ் காட்டும்போது அந்த ஆர் எழுத்த விட்டுட்டு சொல்லாதீங்க.

எங்க கைடு அறுபத தாண்டின ஒரு அம்மா, அதே ஊர்ல பொறந்து வளந்தவங்க, கழுத்துல லைசென்ஸ் அட்டை தொங்குச்சு. இத்தாலில கைடு வேலைக்கு லைசென்ஸ் வேணும், அதனால அந்த அட்டை இருக்கான்னு பாத்துக்கறது நல்லது. குரூப்ல மொத்தம் 9 பேர். புக் பண்றப்ப நான் முக்கியமா பாத்தது இதைத்தான், 25 பேர் 30 பேர்னு போற குரூப்ல காதுல ஒரு ரேடியோ மாட்டி விடுவாங்க, கைடு முன்னாடி போயிட்டே இருப்பாங்க, மெதுவா நடக்குறவங்களுக்கு குரல் மட்டும் கேக்கும், எதைக் காட்டி பேசுறாங்கன்னு தெரியாது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நான் கைடுகிட்ட தனியா போய் அம்மாவுக்கு முட்டி வலி, இருவது நிமிஷத்துக்கு ஒருக்கா உக்காரணும்னு சொல்லிட்டேன். அவங்க அம்மாவோட காலைப் பாத்தாங்க, புடவைக்குக் கீழ தடிச்ச சோல் வச்ச ஷூ, "ரொம்ப சரி, இந்த ஊரு கல்லுக்கு இதுதான்"னு சொன்னாங்க. புடவைக்கு ஷூவான்னு முந்தின நாள் வரைக்கும் அம்மா ஒத்துக்கவே இல்ல, செருப்புதான் போடுவேன்னாங்க. தெருவெல்லாம் பெரிய பெரிய கல்லு பலகை பதிச்சது, ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி இருக்கு, மழை பேஞ்சா வழுக்கும், மெல்லிசான சோல்ல ஒரு மணி நேரம் நடந்தா உள்ளங்கால் எரியும்.

சான் லோரென்ஸோ சர்ச்ல ஆரம்பிச்சோம். முகப்பே இல்லாம செங்கல் பல்லு பல்லா நீட்டிட்டு நிக்குது, ஏதோ வேலை பாதில நின்ன மாதிரி. உண்மையிலயே அதுதான், மைக்கலாஞ்சலோ டிசைன் போட்டுக் குடுத்தும் கட்டவே இல்ல, ஐநூறு வருஷமா அப்படியே இருக்கு. அங்கிருந்து ரெண்டு நிமிஷத்துல மெடிசி குடும்பத்தோட அரண்மனை, 1444ல மிக்கெலோஸ்ஸோ கட்ட ஆரம்பிச்சது. இங்க எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்த விஷயம் ஒண்ணு இருக்கு. சுவத்தோட அடில, தெருவைப் பாத்து, நீளமா கல்லுல ஒரு திண்ணை. ஆமா திண்ணையேதான், நம்ம வீட்டு வாசல்ல இருக்குமே அதே மாதிரி. மெடிசிங்க பேங்க் நடத்தினவங்க, 1397ல ஆரம்பிச்ச பேங்க், அவங்கள பாக்க வந்தவங்க, கடன் கேக்க வந்தவங்க எல்லாம் இந்தக் கல்லுலதான் காத்துட்டு இருப்பாங்களாம். மேல சுவத்துல குதிரை கட்டுற இரும்பு வளையம் இன்னும் தொங்குது. கைடு சொன்னாங்க, பழைய பெரிய வீடு எதைப் பாத்தாலும் அடில பாருங்க, திண்ணை இருந்தாலும் இருக்கும், ஸ்ட்ரோஸ்ஸி அரண்மனைலயும் இருக்குன்னு. பெஞ்சு கம்மியா இருக்குற அந்த ஊர்ல இந்த ஒரு தகவல் எங்க மூணு நாளையும் காப்பாத்துச்சு. அம்மா அந்தத் திண்ணைல உக்காந்து முட்டிய நீவிக்கிட்டே, "வட்டிக்கு விட்டவனே உக்கார இடமும் போட்டு வச்சிருக்கானே"ன்னாங்க.

அடுத்து சாந்திஸ்ஸிமா அனுன்ஸியாத்தா சதுக்கம். நிறைய டூர்ல இங்க வரவே மாட்டாங்க, நேரா டுவோமோங்கற பெரிய கதீட்ரலுக்கு கூட்டிட்டுப் போயிருவாங்க, நீங்க டூர் எடுக்கும்போது ரூட்ல இது இருக்கான்னு கேட்டு எடுங்க. மூணு பக்கமும் தூண் வச்ச தாழ்வாரம், நடுவுல வெட்டவெளி, கூட்டம் இல்ல. கிழக்கு பக்கம் இருக்குறது ஓஸ்பெதாலே தெல்யி இன்னொசென்தி, அனாதைக் குழந்தைகளுக்காக கட்டின இல்லம். பட்டு வியாபாரிங்க சங்கம் பணம் போட்டு 1419ல புருனெல்லெஸ்கிகிட்ட கட்டச் சொன்னாங்க. மறுமலர்ச்சிக் கட்டடக்கலைன்னு புஸ்தகத்துல பெருசா படிக்கிறோமே, அது மொதல்ல இந்த ஊர்ல எழுந்தது ராஜா வீட்டுலயோ கோயில்லயோ இல்ல, யாரும் வேண்டாத புள்ளைங்களோட வாசல்ல. ஒம்போது வளைவு, தூணோட உயரம் எவ்வளவோ தூணுக்கும் தூணுக்கும் நடுவுல இடைவெளியும் அவ்வளவே, தாழ்வாரத்தோட அகலமும் அவ்வளவே. கைடு ஒரு தூணுல இருந்து இன்னொரு தூணுக்கு நடந்து காட்டினாங்க. அளவு ஒண்ணா இருக்குறதாலயோ என்னவோ அங்க நின்னா மனசு தானா அடங்குது, இத என்னால வேற மாதிரி சொல்லத் தெரியல.

வளைவுக்கு மேல நீல வட்டத்துக்குள்ள துணி சுத்தின கைக்குழந்தைங்க, அந்திரேயா தெல்லா ரொப்பியா செஞ்ச சுட்ட மண் வேலை. ஒவ்வொரு குழந்தையும் கைய விரிச்சு நம்மள பாத்துட்டு நிக்குது, சிலதுக்கு துணி அவுந்திருக்கு. முதல் குழந்தை வந்தது 1445 பிப்ரவரி 5, பொண்ணு, அன்னிக்கு புனித அகாத்தாவோட நாளுங்கறதால அகாத்தான்னே பேர் வச்சாங்க. தாழ்வாரத்தோட இடது கோடில கம்பி போட்ட சின்ன ஜன்னல் இருக்கு, அது வழியாத்தான் குழந்தைய உள்ள விட்டுட்டுப் போவாங்க, விட்டவங்க முகத்த உள்ள இருக்குறவங்க பாக்க வேண்டியதில்ல. 1875 வரைக்கும் நடந்திருக்கு. இன்னிக்கும் அந்த ஊர்ல இன்னொசென்தி, தெல்யி இன்னொசென்தின்னு குடும்பப் பேர் வச்சவங்க இருக்காங்க, அவங்க முப்பாட்டன் முப்பாட்டி யாரோ ஒருத்தர் இந்த ஜன்னல் வழியா வந்தவங்களா இருக்கும்.

நான் இதை அம்மாவுக்கு தமிழ்ல சொல்லிட்டே வந்தேன். அம்மா அந்த ஜன்னல் பக்கத்துல போய் நின்னுட்டாங்க. எங்க தேனி மாவட்டத்துக்கு தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல வந்தப்ப அம்மா வேலைல இருந்தாங்க, பொம்பளப் புள்ள பொறந்தா என்ன நடக்கும்னு வீடு வீடா போய் பாத்தவங்க. "நாங்களும் இதைத்தான் சொல்லுவோம், தொட்டில்ல விட்டுட்டுப் போ தாயி, யாருன்னு கேக்க மாட்டோம், கொன்னுராதேன்னு"ன்னு சொன்னாங்க. நான் அதை கைடுக்கு இங்கிலீஷ்ல சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அம்மாவோட கையப் பிடிச்சுக்கிட்டு, சாயந்திரம் உள்ள இருக்குற மியூசியத்துக்கு கட்டாயம் போங்கன்னு சொன்னாங்க. குரூப்ல இருந்த மத்தவங்களும் காத்துட்டுதான் நின்னாங்க, ஒருத்தரும் முகம் சுளிக்கல. ஒம்போது பேர் குரூப்புன்னா இதெல்லாம் நடக்கும்.

அங்கிருந்து வியா தெய் செர்வி தெரு வழியா நேரா நடந்தா தெருக் கடைசில டுவோமோவோட கூம்பு, அதான் அந்தப் பெரிய குவிமாடம், முழுசா வந்து நிக்கும். சதுக்கத்துக்குள்ள போயிட்டா அந்தக் கூம்பு கண்ணுக்கே அடங்காது, கழுத்த பின்னாடி சாய்க்கணும், அதனால மொதல்ல பாக்க இந்தத் தெருதான் நல்ல இடம். ஊர்க்காரங்க கூபொலோனேன்னு செல்லமா சொல்றாங்க.

கதீட்ரல 1296ல அர்னோல்ஃபோ தி காம்பியோ ஆரம்பிச்சார், நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் மேல மூட வழி தெரியாம ஓட்டையாவே இருந்துச்சு. அவ்வளவு அகலத்துக்கு கீழ இருந்து மரச் சாரம் கட்டி வளைவு எழுப்ப மரமே பத்தாது. புருனெல்லெஸ்கி 1420ல ஆரம்பிச்சு 1436ல முடிச்சார், தரைல இருந்து தாங்குற சாரமே இல்லாம. ரெண்டு ஓடு, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு, நடுவுல ஏறிப் போற படி. செங்கல்ல மீன் முள்ளு மாதிரி சாய்ச்சு சாய்ச்சு அடுக்கினா ஒவ்வொரு வரிசையும் சாந்து காயுற வரைக்கும் வழுக்காம தாங்கிக்கும். நாப்பது லட்சத்துக்கும் மேல செங்கல்லுன்னு சொல்றாங்க. மேல கல்லு தூக்க மாடு சுத்துற ஒரு மெஷினும் அவரே செஞ்சார், மாட்டைத் திருப்பிக் கட்டாமலே மேலயும் கீழயும் போற மாதிரி கியர் வச்சு. அவருக்கு அடிப்படைல தட்டார் வேலைதான் தெரியும், கட்டடம் கட்ட யாருகிட்டயும் படிச்சவர் இல்ல. தெற்கு பக்கம் அவரோட சிலை ஒண்ணு உக்காந்துட்டு கூம்பையே அண்ணாந்து பாத்துட்டு இருக்கு, அது பாக்குற பக்கமே நீங்களும் பாருங்க, எட்டு முகத்துல ஒண்ணுல மட்டும் கூம்போட அடில வெள்ளையா ஒரு பால்கனி வேலை முடிஞ்சிருக்கும், மத்த ஏழுலயும் வேலை முடியாத வெறும் சுவர் அப்படியே தெரியும். அந்த ஒரு பக்கம் முடிஞ்சப்ப மைக்கலாஞ்சலோ அத சில்வண்டுக் கூண்டுன்னு சொன்னதால வேலைய நிறுத்திட்டாங்கன்னு கதை.

பின்பக்கம் போனா தரைல வெள்ளை மார்பிள்ல ஒரு வட்டக் கல் பதிச்சிருக்கு, எழுத்து ஒண்ணும் கிடையாது, ஜனங்க மிதிச்சுட்டுப் போறாங்க. கூம்பு உச்சில இருக்குற செம்புப் பந்து வெரோக்கியோ செஞ்சு 1471ல வச்சது. 1600 வாக்குல இடி விழுந்து அது கீழ உருண்டு வந்து விழுந்த இடம் இதுதான். நாங்க ரெண்டாவது தடவை அந்த வழியா வந்தப்ப அம்மாவே அதக் கண்டுபிடிச்சு சுத்திப் போனாங்க, மிதிக்கல.

கூம்பு மேல ஏற 463 படி, லிஃப்ட் கிடையாது, முன்னாடியே நேரம் போட்டு டிக்கெட் எடுக்கணும். ஜியோத்தோவோட மணிக்கூண்டுக்கு 414. நாங்க ரெண்டும் ஏறல. கதீட்ரல் உள்ள போக காசு இல்ல, ஆனா தோளும் முட்டியும் மூடியிருக்கணும், பெரிய பை விட மாட்டாங்க. அம்மா புடவைக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, நான்தான் கை இல்லாத டாப்ஸ் போட்டிருந்தேன், துப்பட்டா பைல இருந்ததால தப்பிச்சேன். எதிர்ல இருக்குற ஞானஸ்நானக் கோயிலோட தங்கக் கதவு கிபெர்ட்டி 1425ல இருந்து 1452 வரைக்கும் 27 வருஷம் செஞ்சது. வெளிய இருக்குறது நகல்தான், அசல் பின்னாடி கதீட்ரல் மியூசியத்துல இருக்கு. கதவு முன்னாடி எப்பவும் கூட்டம், செல்போன தூக்கிப் பிடிச்சுட்டு நிப்பாங்க, அங்க பைய முன்னாடி மாட்டிக்கோங்க. படம் விக்கிறவங்க அதத் தரைல விரிச்சு வச்சிருப்பாங்க, தெரியாம மிதிச்சுட்டா காசு கேட்டு சண்டை போடுவாங்க, அதனால கூம்பைப் பாத்துக்கிட்டே நடக்க வேண்டாம், நின்னு பாருங்க, அப்புறம் நடங்க.

இந்த இடத்துல நாங்க ஒரு தப்பு பண்ணினோம். டூர்ல கால் மணி நேரம் இடைவேளை விட்டாங்க, அம்மாவுக்கு பாத்ரூம் போகணும், நான் அவசரத்துல சதுக்கத்து ஓரமா இருந்த ஒரு கடைல நாற்காலில உக்காந்து ரெண்டு காப்பி சொல்லிட்டேன், பில்லு பாத்தா காலைல பாதை சொன்ன பையன் கடைல குடுத்ததுக்கு நாலு மடங்கு. கவுன்டர்ல நின்னுட்டு குடிச்சா ஒரு விலை, உக்காந்தா வேற விலை, அதுவும் டுவோமோ தெரியுற மேசைன்னா சொல்லவே வேண்டாம். ரேட்டு போர்டு உள்ளதான் மாட்டியிருக்கும், உக்கார்றதுக்கு முன்னாடி படிங்க. பாத்ரூமுக்குன்னு தனியா சில்லறை ஒரு யூரோ காசா வச்சுக்கோங்க. வயசானவங்களோட போறவங்க டூர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா, இடைவேளைல ஒருக்கான்னு கணக்கு வச்சுக்கிட்டா அவங்களும் தண்ணி குடிக்காம வாயக் கட்டிட்டு வர மாட்டாங்க. அம்மா அன்னிக்கு காலைல அதுக்கு பயந்தே தண்ணி குடிக்கலங்கறது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது, மனசு கஷ்டமா போச்சு.

ஓர்சன்மிக்கேலே வழியா போனோம், தானிய மார்க்கெட்டா இருந்து சர்ச்சா மாறினது, வெளி சுவத்து மாடத்துல ஒவ்வொரு தொழில் சங்கமும் தன் தன் சாமிய வச்சிருக்காங்க. அப்புறம் சின்யோரியா சதுக்கம். இங்க பலாஸ்ஸோ வெக்கியோ, 1299ல ஆரம்பிச்ச ஊர் நிர்வாக மாளிகை, இன்னிக்கும் மேயர் ஆபீஸ் அங்கதான். வாசல்ல நிக்கிற டேவிட் நகல், 1910ல வச்சது, அசல 1873லயே அகாதெமியாவுக்கு கொண்டுபோயிட்டாங்க. 1504ல டுவோமோ பட்டறைல இருந்து இந்த வாசலுக்கு அந்த சிலைய நகத்த நாலு நாள் ஆச்சு, எங்க வைக்கிறதுன்னு பேச கூடின கமிட்டில லியனார்டோவும் பொத்திச்செல்லியும் இருந்தாங்க. 1527 கலவரத்துல மாடி ஜன்னல்ல இருந்து வீசின பெஞ்சு பட்டு இடது கை மூணு துண்டாச்சு. அப்ப சிறு பையனா இருந்து பின்னாடி ஓவியரும் கட்டடக் கலைஞருமா ஆன வசாரி தன் கூட்டாளியோட ஓடிப் போய் துண்டையெல்லாம் பொறுக்கி வச்சதா அவரே எழுதியிருக்கார், அப்புறம் ஒட்டினாங்க. நாளைக்கோ மறுநாளோ அகாதெமியா போறவங்க அந்த இடது கைய பாருங்க, ஒட்டின கோடு தெரியும்.

நெப்டியூன் ஃபவுன்டன் முன்னாடி தரைல வட்டமா ஒரு கல். சவோனரோலாங்கற துறவிய 1498 மே 23 அன்னிக்கு தூக்குல போட்டு எரிச்ச இடம். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி இதே சதுக்கத்துலதான் அவரோட ஆளுங்க கண்ணாடி, சீட்டுக்கட்டு, படம், புஸ்தகம் எல்லாத்தையும் குமிச்சு கொளுத்தினாங்க. கொளுத்தச் சொன்னவரையே அங்கயே கொளுத்திட்டாங்க. கைடு இதைச் சொல்லும்போது குரல உயர்த்தல, அந்தக் கல்ல சுத்தி எங்கள வட்டமா நிக்க வச்சு மெதுவா சொன்னாங்க. பக்கத்துலயே மாளிகை ஓரமா இலவசமா தண்ணி பிடிக்கிற குழாய் இருக்கு, சாதா தண்ணியும் வரும் சோடா தண்ணியும் வரும், பாட்டில் கொண்டு போங்க. சதுக்கத்து ஓரமா இருக்குற லோஜ்ஜியாங்கற திறந்த மண்டபத்தோட படில உக்காரலாம், சாப்பாடு பிரிச்சா காவலர் வந்து எழுப்பிருவாங்க.

கிழக்க ரெண்டு மூணு நிமிஷம் நடந்து வியா தெய் நேரி பக்கத்துல ஒரு தெருமுனைக்கு கூட்டிட்டுப் போனாங்க. சுவத்துல ரெண்டு கல். கீழ இருக்குறது பழசு, அலை மாதிரி கோடும் அதைக் காட்டுற ஒரு கையும் செதுக்கியிருக்கு, 1333 நவம்பர் 4 வெள்ளம். அதுக்கு மேல புதுசு, 1966 நவம்பர் 4. ஆமா ரெண்டும் ஒரே தேதி, நடுவுல 633 வருஷம். மேல இருக்குற கல்லு என் தலைக்கு ரொம்ப மேல. கைடுக்கு 1966ல ஆறு வயசாம், அவங்க அப்பா தோள்ல தூக்கிட்டு மாடிக்கு மாடி ஏறினதும், தண்ணி வடிஞ்சப்புறம் தெருவெல்லாம் கணப்பு எண்ணெயும் சேறும் கலந்து நாறினதும் இன்னும் மூக்குல இருக்குன்னு சொன்னாங்க. முன்ன பாத்தோமே கிபெர்ட்டி கதவு, அதோட பத்து பலகைல அஞ்சு அன்னிக்கு வெள்ளத்துல பிஞ்சு போச்சு, அசல அப்புறம் மியூசியத்துக்குள்ள வச்சுட்டாங்க. சேத்துல இருந்து புஸ்தகத்தையும் படத்தையும் தூக்க எங்கெங்கிருந்தோ இளவட்டப் பசங்க வந்து மாசக்கணக்கா நின்னாங்க, சேத்து தேவதைங்கன்னு ஊர் அவங்களுக்கு பேர் வச்சது.

திரும்பி உஃபீஸியோட நீள முற்றம் வழியா ஆத்துப் பக்கம் வந்து, ஜியோர்கோஃபிலிங்கற சந்துல ஒரு ஆலிவ் மரத்துக்குக் கீழ நின்னோம். 1993 மே 27 ராத்திரி மாஃபியா கார் குண்டு வச்ச இடம், அஞ்சு பேர் செத்தாங்க, அதுல ஒண்ணு பொறந்து ரெண்டு மாசம் கூட ஆகாத குழந்தை. ஆயிரக்கணக்குல ஜனங்க மியூசியத்துக்கு வரிசைல நிக்கிறாங்க, இந்த சந்துல யாருமே இல்ல. போனீங்கன்னா அஞ்சு நிமிஷம் அங்கயும் நில்லுங்க.

டூர் முடிஞ்சது பொன்டே வெக்கியோ பாலத்துல. 1333 வெள்ளத்துல அடிச்சுட்டுப் போனப்புறம் 1345ல கட்டினது. கசாப்புக் கடைங்க இருந்துச்சு, நாத்தம் தாங்கலன்னு 1593ல அவங்கள எழுப்பிட்டு நகைக்கடைங்கள வச்சாங்க, ஏன்னா தலைக்கு மேல ஊரை ஆண்ட மெடிசி குடும்பம் நடந்து போக வசாரி 1565ல அஞ்சே மாசத்துல கட்டின மூடின நடைபாதை போகுது. 1944 ஆகஸ்ட்ல ஜெர்மன்காரங்க பின்வாங்கும்போது மத்த எல்லா பாலத்தையும் வெடி வச்சாங்க, இதை விட்டுட்டு ரெண்டு கரையிலயும் இருந்த பழைய வீடுங்கள இடிச்சு வழிய அடைச்சாங்க. அதனாலதான் பாலம் பழசா இருக்கு, பாலத்துக்குப் போற தெரு வீடெல்லாம் புதுசா இருக்கு. இத கைடு சொல்லலன்னா நான் ஜென்மத்துக்கும் கவனிச்சிருக்க மாட்டேன். மணி 12:20. மூணு மணி நேரம்னு போட்டிருந்தது எங்களால இருவது நிமிஷம் கூடிப்போச்சு, கைடுக்கு அதுக்கும் சேத்து குடுத்தேன்.

மதியம் அவங்க சொன்ன ஒரு சின்ன கடைல சாப்பிட்டோம். அந்தப் பக்கத்து ரொட்டில உப்பே போட மாட்டாங்க, தெரிஞ்சு போங்க. அம்மா ஒரு வாய் கடிச்சுட்டு "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க"ன்னு பைல இருந்த இட்லிப்பொடிய எடுத்தாங்க. அப்பதான் எனக்கு கைடு நடுவுல சொன்னது ஞாபகம் வந்தது, தாந்தேங்கற கவிஞரை 1302ல இந்த ஊரை விட்டு துரத்தினாங்க, அடுத்தவன் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும்னு அவர் எழுதியிருக்கார், கடைசி வரைக்கும் திரும்பி வரல, ராவென்னாவுலயே செத்தார். ஊர் ரொட்டில உப்பே இல்லாதவருக்கு வெளியூர் ரொட்டி கரிக்கத்தானே செய்யும். ம்யூனிக்ல தனியா சமைச்சு சாப்பிடுற எனக்கு அது வேற மாதிரியும் புரிஞ்சது. சைவம்னா ரிபொல்லீத்தா, பப்பா அல் பொமொதோரோ, ரெண்டும் ரொட்டி போட்ட கெட்டி சூப், நல்லா இருக்கும், ஆனா கறித் தண்ணில செஞ்சதான்னு கேட்டுக்கோங்க. அசைவக்காரங்க லாம்பிரெதோத்தோ சாப்பிடுங்க, மாட்டோட நாலாவது இரைப்பை, தெரு வண்டில ரொட்டிக்குள்ள வச்சுத் தருவாங்க, போட்டி சாப்பிட்டுப் பழகினவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ரூம்ல ரெண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுத்துட்டு சாயந்திரம் இன்னொசென்தி மியூசியத்துக்குப் போனோம். உள்ள சின்னச் சின்ன இழுப்பறை, 140 இருக்கு, நாமே இழுத்துப் பாக்கலாம். ஒவ்வொண்ணுலயும் ஒரு குழந்தையோட சேத்து விட்டுட்டுப் போன அடையாளம். பாதியா வெட்டின காசு, பாதியா உடைச்ச பதக்கம், ஒரு மணி, ஒரு துண்டு ரிப்பன். மத்த பாதிய அம்மாக்காரி வச்சிருப்பா, என்னிக்காவது வந்து கேட்டா ரெண்டையும் பொருத்திப் பாக்க. அம்மா ஒவ்வொரு பேரா என்னைப் படிக்கச் சொன்னாங்க. நான் படிக்கப் படிக்க அவங்களும் கூடவே சொல்லிப் பாத்தாங்க, பால்வாடில அட்டென்டன்ஸ் எடுக்குற மாதிரி. மூடுற நேரம் ஆச்சுன்னு ஆள் வந்து சொல்ற வரைக்கும் அங்கதான் இருந்தோம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை உஃபீஸிக்கு காலை 8:15 டிக்கெட் முன்னாடியே எடுத்திருந்தேன், ரெண்டு பேருக்கும். காலைல அம்மா நான் வரல, நீ போயிட்டு வா, என்னை நேத்து போன அந்தப் புள்ளைங்க வாசல்ல விட்டுட்டுப் போன்னாங்க. தாழ்வாரத்துப் படில உக்கார வச்சு, தண்ணி பாட்டிலும் என் பழைய போனும் குடுத்துட்டு ஓடினேன். உள்ள மூணு மணி நேரம் இருந்தேன், அதப் பத்தி எழுதினா இதே அளவுக்கு இன்னொண்ணு எழுதணும். திரும்பி வந்தப்ப அம்மா அதே இடத்துல முந்தானைய இழுத்துப் போத்திட்டு உக்காந்திருந்தாங்க. அந்தக் கட்டடத்துல இன்னிக்கும் குழந்தைங்க காப்பகம் நடக்குது. அம்மா என்னைப் பாத்ததும், "காலைல எத்தனை பேரு புள்ளைய தூக்கிட்டு வந்து விட்டுட்டுப் போறாங்க தெரியுமா, ஒண்ணு அழுதுச்சு பாரு, அப்பன் காலை விடவே இல்ல"ன்னாங்க. கொஞ்சம் கழிச்சு, "சாயந்திரம் வந்து கூட்டிட்டுப் போயிருவாங்கல்ல?"

போயிருவாங்கம்மான்னேன். சாயந்திரம் வரைக்கும் அங்கயே இருந்து பாத்துட்டுதான் கிளம்பினோம்.